தனிய வந்த புலுனி

அவர் மீன் வாங்குகிற அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கூடையைச் சுற்றி எல்லோரும் இழுபறிப்பட்டுக்கொண்டிருக்க, இவர் குந்தியிருந்து ஒரு விளைமீனின் கண்ணைப் பார்ப்பார். பிறகு செவுளைத் தூக்கிப் பார்ப்பார். பிறகு வயிற்றை ஒரு விரலால் அமத்தி, விரலை எடுத்ததும் அந்தப் பள்ளம் நிரம்புகிறதா என்று பார்ப்பார். மூன்றும் சரி என்றால்தான் வாய் திறப்பார். அதற்குள் மற்ற நல்ல மீனெல்லாம் போய்விடும் என்பது வேறு விஷயம். மீன்காரி ஒருநாள் பொறுக்கமுடியாமல், "மாஸ்டர், மீன் வாங்க வந்தனீங்களோ, பொம்பிளை பாக்க வந்தனீங்களோ?" என்று கேட்டுவிட்டாள். அவர் கோபிக்கவில்லை. "ரெண்டுக்கும் மூண்டு அடையாளம் வேணும் பிள்ளை" என்றார்.

பெயரை எழுதப்போவதில்லை. "பேர் பிறகு வரும், முதல் அடையாளத்தைப் பாரும்" என்பது அவருடைய வேதம். இந்தக் கட்டுரையில் அது பிறகும் வராது.

நான் அவரை முதன்முதல் கண்டது ஊர்காவற்றுறையிலிருந்து அனலைதீவுக்குப் போன வள்ளத்தில். அறுபதுகளின் தொடக்கம். எனக்கு இருபத்தைந்து வயது, ஆசிரியனாக முதல் நியமனம். நான் தென்மராட்சிக்காரன். எங்கள் பக்கத்துக் கடல் முழங்காலுக்கு மேலே வராத மரியாதையுள்ள கடல். இது அப்படியில்லை. மாரிக்காற்றில் வள்ளத்தின் ஒரு பக்கம் வானத்தைப் பார்க்க, மறுபக்கம் அடிநிலத்தைப் பார்த்தது. நான் தெரிந்த கடவுள்களையெல்லாம் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். முடிந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று கரையில் தெரிந்த தேவாலயத்து மாதாவையும் கூப்பிட்டேன். கைகள் இரண்டும் பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மாவின் கோழிக்கூடையைப் பிடித்திருந்தன. உள்ளே இரண்டு கோழிகளுக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

எதிரே ஒரு மெலிந்த மனிதர், சட்டைப் பைக்குள் பென்சிலோடு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும்.

"நீர் இண்டைக்குச் சாகமாட்டீர்" என்றார். "வள்ளம் ஓட்டுற தண்டயல் வெத்திலை போடுறார். பொம்பிளையள் கலியாணக் கதை கதைக்கினம். இஞ்சின் ஒரே சத்தத்திலை போகுது. மூண்டு அடையாளம். கூடையை விடும்."

விட்டேன். நானும் கோழிகளும் ஒன்றாக மூச்சு விட்டோம். அவர் சொன்னபடியே நான் அன்றைக்குச் சாகவில்லை. அதிலிருந்து என் கண்ணைவிட அவருடைய வாயில் எனக்கு நம்பிக்கை கூடிவிட்டது. இந்தக் கதையின் கேடு எல்லாம் அந்தக் கோழிக்கூடையிலிருந்து தொடங்குகிறது.

இருவரும் படிப்பித்தது ஒரே பள்ளிக்கூடம். புகையிலைத் தோட்டக்காரர் ஒருவரின் வளவுக்குள் பின்பக்கமாக ஓர் அறையும் குசினியும் எடுத்து ஒன்றாக இருந்தோம். குசினி யன்னலைத் திறந்தால் கிணறு, கிணற்றுக்கு அப்பால் வேலியோரம் பூவரச மரங்கள், அவற்றின் கீழே தோட்டத்து மண்ணில் பசளையாகத் தாழ்ப்பதற்காக வெட்டிக் குவித்த குழையும் சருகும். மழை பெய்தால் அந்தக் குவியலிலிருந்து ஆவி எழும்பும்.

தீவில் அவருக்கு இருந்த மதிப்பைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஒருமுறை மச்சான்மார் இரண்டுபேர் ஒரு நாகு மாட்டுக்காகக் கத்தி எடுக்கும் நிலைக்கு வந்தார்கள். இரண்டுபேரும் தன்னுடையது என்றார்கள். வழக்கு எங்கள் மாஸ்டரிடம் வந்தது. அவர் மூன்று நாள் அந்த மாட்டின் பின்னால் திரிந்தார். எந்த வீட்டுப் படலையில் நிற்கிறது, எந்தக் குரலுக்குக் காது அசைக்கிறது, எந்தப் பக்கமாகப் படுக்கிறது என்று பார்த்துவிட்டு, அடையாளங்களை ஒவ்வொன்றாகச் சொல்லி, இன்னாருடையது என்றார். தோற்றவன் ஒரு சொல் பேசாமல் கயிற்றை அவிழ்த்துக் கொடுத்தான். தீர்ப்புச் சொல்லும்போது மூன்றையும் விரல் மடித்துச் சொல்லாமல் அவர் முடித்ததே இல்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள். நான் வைத்திருக்கவில்லை.

குருவிகள் அவருடைய பொழுதுபோக்கு. ஒரு கொப்பியில் பக்கத்துக்கு ஒன்றாக எழுதி வைத்திருந்தார். காகத்துக்குக்கூட மூன்று அடையாளம் எழுதியிருந்ததைக் கண்டு நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வளவுக்கு வளவு கூட்டமாகத் திரிகிற புலுனிக்கு எழுதியிருந்தது எனக்கு இன்றைக்கும் பாடம்: அழுக்குச் சாம்பல் நிறம். மஞ்சள் சொண்டு. ஒருநாளும் தனிய வராது.

எனக்கு அப்போது வேறொரு பறவையின் யோசனை. என் ஊர்ப் பக்கம், மட்டுவிலில் ஒரு பெண்ணைப் பேசியிருந்தார்கள். படம் வந்திருந்தது. மாஸ்டரிடம் காட்டினேன். வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "முகம் மட்டும்தான் கிடக்கு. நடை தெரியேல்லை, குரல் கேக்கேல்லை. ஒரு அடையாளத்தோடை நான் ஒண்டும் சொல்லமாட்டன்" என்று திருப்பித் தந்தார். பெண்ணின் தகப்பன் மட்டும் தெளிவாகச் சொல்லியிருந்தார். கடல் தாண்டிப் பிள்ளையை அனுப்ப ஏலாது. தைக்கு முன் மாப்பிள்ளை இடமாற்றம் எடுத்து அக்கரைக்கு வந்தால் நாள் பார்க்கலாம், வராவிட்டால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். இந்தக் கடிதத்தை நான் மாஸ்டருக்கு எத்தனை தரம் வாசித்துக் காட்டியிருப்பேன் என்று கணக்கில்லை. ஒவ்வொரு முறையும் பொறுமையாகக் கேட்டு, எனக்கு ஒரு தேத்தண்ணி ஊற்றித் தருவார். தானும் ஒன்பது வருடமாகத் தீவில் கிடப்பதாகவோ, தன் மனைவியும் இரண்டு பெண்பிள்ளைகளும் அக்கரையில் இருப்பதாகவோ அவர் தானாக ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. காதலில் விழுந்தவனுக்குச் செவிட்டுத்தனமும் சேர்ந்து வரும்.

அந்தப் பகுதிப் பள்ளிக்கூடங்களுக்கு மேலதிகாரியாக அப்போது இருந்த வித்தியாதரிசி ஒரு குருவிப் பைத்தியம். பருத்த மனிதர். கழுத்தில் எப்போதும் தூரக்கண்ணாடி தொங்கும். பள்ளிக்கூடத்தைப் பார்க்க வந்தால் கூரையில் இருக்கும் குருவியைப் பார்த்துவிட்டுப் போவார். ஊர்காவற்றுறையில் நடந்த ஆசிரியர் கூட்டத்தில் அவர் ஒரு குருவியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். தலையும் நெஞ்சும் பழுத்த தோடம்பழத்தின் செம்மஞ்சள் நிறம். முதுகு நீலம் கலந்த சாம்பல். தோளில் ஒரு வெள்ளைக் கோடு. மரத்துக்குக் கீழே நிலத்தில் தனியாகத் திரிந்து சருகு புரட்டும். இந்தியாக் கரையில் அதைப் பூங்குருவி என்பார்களாம். அங்கே தோட்டத்துக்குத் தோட்டம் திரிகிற சாதாரணக் குருவியாம். இங்கே மாரியில் எப்போதாவது ஒன்று கடல் தாண்டி வந்து விழுமாம். இருபது வருடமாகத் தேடுகிறாராம். "அதை எனக்குக் காட்டுகிறவர் என்ன கேட்டாலும் செய்வேன்" என்று சிரித்துக்கொண்டு சொன்னார்.

எங்கள் எல்லோருக்கும் அது ஒரே சொல்லாகத்தான் கேட்டது. இடமாற்றம்.

அடுத்த கிழமை முழுக்கத் தீவுப்பகுதி ஆசிரியர்கள் அண்ணாந்து பார்த்தபடி நடந்தார்கள். இரண்டுபேர் வாய்க்காலுக்குள் விழுந்தார்கள். அந்தக் குருவி நிலத்தில் திரிவது என்பதை ஒருவரும் காதில் வாங்கியிருக்கவில்லை. நானும் கழுத்து நோவோடு வந்து, மாஸ்டரிடம் எண்ணெய் பூசுவித்தேன். அவர் மேலேயும் பார்க்கவில்லை, கீழேயும் பார்க்கவில்லை. தனக்கென்ன, தீவு நல்ல காற்று என்றார்.

ஒரு காலை, மழைத் தூறல். நான் குசினி யன்னலடியில் நின்று பல் விளக்கிக்கொண்டிருந்தேன். பூவரசுக்குக் கீழே ஒரு சருகு தானாகப் புரண்டது. பிறகு இன்னொன்று. பிறகு அதற்குப் பின்னாலிருந்து ஒரு தோடம்பழம் தலை நீட்டியது.

வீரனாக இருந்தால் அந்த இடத்தில் நிதானமாகத் தோளைப் பார்த்திருப்பான். நான் வாயிலிருந்த பற்பொடி முழுவதையும் விழுங்கினேன். பிறகு, குருவி என்னைக் காணக்கூடாது என்று நாலு காலில் தவழ்ந்து அறைக்குள் போனேன். மாஸ்டர் சவரம் செய்துகொண்டிருந்தார். எனக்குப் பேச்சு வரவில்லை. யன்னலைக் காட்டினேன், என் தலையைக் காட்டினேன், மட்டுவில் இருக்கும் திசையைக் காட்டினேன். எனக்கு வலிப்பு வந்துவிட்டதென்று அவர் என் கையில் திணிக்கப் பெட்டியின் இரும்புத் திறப்பைத் தேடினார்.

கடைசியில் விளங்கிக்கொண்டு, பாதிச் சவரத்தோடு, சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு வந்து யன்னலடியில் நின்றார். குருவி இரண்டு அடி ஓடியது, நின்றது, நெஞ்சை நிமிர்த்தியது, ஒரு சருகைப் புரட்டியது. நான் குருவியைப் பார்க்கவில்லை. அவர் முகத்தைத்தான் பார்த்தேன். மீன் பார்க்கிற அதே முகம். ஒரு கன்னத்தில் சவர்க்கார நுரை காய்ந்துகொண்டிருந்தது.

"பொறும்" என்றார். "மூண்டு நாள் பாப்பம்."

மூன்று நாளும் காலையில் இருவரும் யன்னலடியில் நின்றோம். அவர் அந்த மூன்று நாளும் கொப்பியை எடுக்கவில்லை. நான் இதற்கிடையில் வித்தியாதரிசிக்கு ஒரு கடிதம் எழுதி முடித்துவிட்டேன். "மேன்மை தங்கிய ஐயா" என்று தொடங்கி, குருவிக்கு நாலு வரியும் இடமாற்றத்துக்கு நாற்பது வரியும்.

மூன்றாம் நாள் காலை அவர் யன்னலைச் சாத்தினார்.

"புலுனி" என்றார்.

நான் யன்னலைத் திரும்பத் திறந்தேன். "தலை தோடம்பழ நிறமாக் கிடக்கே மாஸ்டர்?"

"பள்ளிக்கூடத்துப் பூம்பாத்திக்கு இறக்கின செம்பாட்டு மண்ணிலை குளிச்சிருக்கும்."

அதுவும் உண்மைதான். எங்கள் தீவில் செம்பாட்டு மண் கிடையாது. தலைமை ஆசிரியர் ஆசைப்பட்டு அக்கரையிலிருந்து வள்ளத்தில் ஏற்றி வந்த சிவப்பு மண் பள்ளிக்கூட முற்றத்தில் குவிந்து கிடந்தது. புலுனிகள் அதில் புழுதி குளிப்பதை நானே கண்டிருக்கிறேன். ஒருகிழமை எல்லாப் பிள்ளைகளின் வெள்ளைச் சட்டையும் சிவந்திருந்தது. பிறகு புலுனி சிவக்காதா?

"தனிய நிக்குதே?"

"கூட்டத்தாலை பிரிஞ்சது."

கொஞ்ச நேரம் கழித்து, மெதுவாக, என் நன்மைக்காகச் சொல்வதுபோல ஒன்று சொன்னார்: "வித்தியாதரிசியைக் கடல் தாண்டிக் கூப்பிட்டுப் புலுனியைக் காட்டினீரெண்டால், பேந்து உம்மை இந்தத் தீவிலையிருந்து ஒருநாளும் எடுக்கமாட்டினம்."

நான் அதை அப்படியே கண்ணால் கண்டேன். பருத்த மனிதர் தூரக்கண்ணாடியை இறக்குகிறார். முழுத் தீவும் சிரிக்கிறது. மட்டுவிலில் பெண்ணின் தகப்பன் சிரிக்கிறார். பெண்ணும் சிரிக்கிறாள், எனக்கு இன்னும் தெரியாத அந்தக் குரலில். எழுதிவைத்த கடிதத்தை எடுத்து அடுப்பில் செருகினேன். அந்த நெருப்பில்தான் அன்றைய தேத்தண்ணி கொதித்தது. பெரிய அவமானத்திலிருந்து காப்பாற்றிவிட்டீர்கள் என்று அவருக்கு நன்றியும் சொன்னேன். அவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்தார்.

மூன்று அடையாளத்தையும் விரல் மடித்துச் சொல்கிறவர், அன்றைக்கு ஓர் அடையாளமும் சொல்லவில்லை. நான் கேட்டதற்குச் சமாதானம் மட்டும் சொன்னார். இது எனக்கு உறைக்கப் பத்து நாள் எடுத்தது.

ஒன்பதாம் நாள் வித்தியாதரிசி பள்ளிக்கூடம் பார்க்க வந்து, தலைமை ஆசிரியர் வீட்டில் தங்கினார். மறுநாள் விடிய மாஸ்டர் என்னை எழுப்பினார். ஐயாவின் பெட்டி ஒன்று காலை வள்ளத்தில் வருகிறதாம், துறையில் நின்று எடுத்து வந்தால் ஐயாவுக்கு என்மேல் ஒரு நல்ல எண்ணம் வரும் என்றார். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டு, கலியாணத்துக்கென்று வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஓடினேன். தூறலில் நின்றேன். முதல் வள்ளத்தில் பெட்டி இல்லை. இரண்டாவதிலும் இல்லை. பெட்டி கடலில் விழுந்துவிட்டது, பழி என்மேல் வரப்போகிறது என்று எனக்கு நடுக்கம் பிடித்துவிட்டது. ஒரு மீன்காரரின் பெட்டியையாவது கொண்டுபோகலாமா என்றுகூட யோசித்தேன். வெறுங்கையோடு பள்ளிக்கூடத்துக்கு ஓடி, தலைமை ஆசிரியரின் அறை வாசலில் நின்று, பெட்டி வரவில்லை ஐயா, நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன் என்று இரைக்க இரைக்கச் சொன்னேன்.

வித்தியாதரிசி கதிரையில் இருந்தார். காற்சட்டையின் இரண்டு முழங்காலிலும் ஈரச் சேறு. கண் கலங்கியிருந்தது.

"என்ன பெட்டி?" என்றார். பிறகு அதை விட்டுவிட்டு, "கண்டுவிட்டேன் தம்பி. இருபது வருடம். உம்முடைய குசினி யன்னலால்தான் பார்த்தேன். தோளில் அந்த வெள்ளைக் கோடு... மாஸ்டர் எவ்வளவு கவனமாகப் பார்த்து வைத்திருக்கிறார்."

மாஸ்டர் சுவரோரம் நின்றார். கையில் கொப்பி. திறந்த பக்கத்தில் பென்சிலால் மூன்று வரி.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்று இத்தனை வருடமாக ஒத்திகை பார்த்து வைத்திருக்கிறேன். சில நாள் ஒத்திகையில் நான் கதிரையைத் தூக்கி அடிப்பதும் உண்டு. அன்றைக்குச் செய்தது வேறு. முதலில் கண்டவன் நான் என்று சொன்னால், கண்டும் புலுனி என்று நம்பிய மடையனும் நான்தான் என்று சொல்ல வேண்டிவரும். அந்தப் பயத்தில், எல்லோருக்கும் முன்னால் போய், மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி, உரத்த குரலில் வாழ்த்துச் சொன்னேன். கையை விட எனக்கு மறந்துவிட்டது. கோழிக்கூடையைப் பிடித்ததுபோலப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர்தான் விரல் விரலாகக் கழற்றி எடுத்தார்.

தையில் அவருக்கு இடமாற்றம் வந்தது, வீட்டுக்கு இரண்டு மைல் தூரத்தில். அதுவரை ஒரே அறையில்தான் இருந்தோம். நான் உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்பேன். போகிற நாளில், பேசுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தும், பெட்டியைத் தூக்கிக்கொண்டு துறைவரை போனது நான்தான். ஏன் மாஸ்டர் என்று மட்டும் கேட்டேன்.

அவர் கடலைப் பார்த்துச் சொன்னார்.

"போன பள்ளிக்கூட விடுதலைக்கு வீட்டை போனன். மூத்தவள் படலையிலை நிண்டவள். 'அம்மா, ஆரோ வந்து நிக்கினம்' எண்டு உள்ளை பாத்துச் சொன்னவள்."

நான் பெட்டியை வள்ளத்தில் ஏற்றினேன். வள்ளத்தில் கால் வைத்த பிறகு அவர் திரும்பினார்.

"நீரும் ரெண்டு கண்ணாலை பாத்தனீர்தானே. நான் சொன்னது ஒரு அடையாளம்தான் காணும். மற்ற ரெண்டையும் நீர் பாக்கேல்லை."

செய்த துரோகத்துக்கு மேலே, அதிலும் எனக்குப் பிழை திருத்திவிட்டுப் போன மனிதர் அவர் ஒருவர்தான். வள்ளம் மறையும்வரை ஏசிக்கொண்டு நின்றேன். ஏசிய சொற்களை இங்கே எழுத ஏலாது.

மட்டுவில் பெண்ணைக் கொழும்பில் இலிகிதராக இருந்த ஒருவர் கட்டினார். பங்குனியில் எனக்கு அழைப்பிதழ் வந்தது. அவளுடைய நடையையும் குரலையும் நான் கடைசிவரை அறியவில்லை. இரண்டு வருடம் கழித்து, வீட்டுக்காரரான தோட்டக்காரரின் மகளையே கட்டிக்கொண்டேன். பின்பக்கத்து அறையிலிருந்து முன்பக்கத்து வீட்டுக்குப் போனதுதான் என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த இடமாற்றம். குசினி மட்டும் அதே குசினி.

குருவி வரும். எல்லா மாரியிலும் இல்லை, இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை. நான் ஒருவருக்கும் சொல்வதில்லை. யன்னலடியில் நின்று பார்ப்பேன். கண் மூடியிருந்தாலும் எனக்கு அது தெரியும். சருகு புரளும் சத்தம். இரண்டு அடி ஓட்டம். பிறகு ஒரு நிதானம்.

போன மாரியில், பதினெட்டு வருடத்துக்குப் பிறகு, அவர் வந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வள்ளத்தால் இறங்கி, தடியைத் தட்டித் தட்டிப் படலையில் வந்து நின்றார். சீனி வருத்தம் இரண்டு கண்ணையும் தின்றிருந்தது. ஆளின் நிழல் தெரியும், முகம் தெரியாது என்றார். படலையில் நின்ற என்னிடமே, "வீட்டுக்காரர் நிக்கிறாரோ?" என்று கேட்டார். இத்தனை வருடம் ஒத்திகை பார்த்த பேச்செல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு தொண்டையில் நின்றது. வாயில் வந்தது, "வாங்கோ மாஸ்டர், கவனம், படி இருக்கு" என்பதுதான்.

குசினியில் யன்னலுக்குப் பக்கத்தில் கதிரை போட்டேன். என் மனைவி சீனி போடாத தேத்தண்ணி கொடுத்தாள். மகள்மார் இருவரும் கலியாணமாகிப் போய்விட்டார்கள், மூத்தவள் இப்போது கடிதமும் போடுவதில்லை என்றார். பிறகு கையால் தடவி யன்னல் விளிம்பைக் கண்டுபிடித்தார்.

"இன்னும் வாறதோ?" என்று கேட்டார்.

வெளியே தூறல். பூவரசுக்குக் கீழே, அவர் இருந்த இடத்திலிருந்து பத்து அடி இருக்காது, அது நின்றது. தலையும் நெஞ்சும் ஈரத்தில் எரிந்தன. தோளில் கோடு. அவர் அந்தப் பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"அங்கை ஏதோ அசையுது. உதென்ன?"

"புலுனி" என்றேன்.

அவர் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"தனியவோ?"

"கூட்டத்தாலை பிரிஞ்சது."

"தலை?"

"செம்பாட்டு மண்ணிலை குளிச்சிருக்கும்."

அடுப்படியிலிருந்து என் மனைவி, இந்தத் தீவிலே செம்பாட்டு மண் எங்கே கிடக்கிறது என்று கேட்டாள். பள்ளிக்கூடத்துப் பூம்பாத்தி மழையில் கரைந்து பதினைந்து வருடம்.

வெளியே ஒரு சருகு புரண்டது. இரண்டு அடி ஓட்டம். பிறகு ஒரு நிதானம். அவர் காதை யன்னல் பக்கம் சரித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். தடியைப் பிடித்திருந்த கையில், ஒன்றன்பின் ஒன்றாக மூன்று விரல் மடிந்ததை நான் கண்டேன்.

"ஓம்" என்றார். "புலுனிதான்."

அடையாளம் ஒன்றும் சொல்லவில்லை.